ஓலை, தாள், திரை: இந்திய அலுவலக எழுத்துப் பொருள்கள் – ஒரு வரலாற்று நோக்கு

அலுவலகத்தில் தாள் பெற்றுள்ள இடத்தைக் கணினித் திரை முழுமையாகப் பெற்றுவிடுமா என்னும் வினா அரை நூற்றாண்டுப் பழமையுடையது. 1975 ஜூன் மாதம் அமெரிக்க வார இதழான பிசினஸ் வீக் வருங்கால அலுவலகம் பற்றிய கட்டுரை ஒன்றை வெளியிட்டது. செராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வு மையத் தலைவராயிருந்த ஜார்ஜ் பேக், இருபதாண்டுகளில் தம் மேசைமீது திரையும் விசைப்பலகையும் இருக்கும் என்றும், அச்சிட்ட தாள் தமக்கு எவ்வளவு தேவைப்படும் என்பதே ஐயத்திற்குரியது என்றும் அதில் கருத்துரைத்தார். படிப்பொறி விற்றுப் பெருகிய நிறுவனமொன்றின் ஆய்வகத்திலிருந்தே தாளின் முடிவு முன்மொழியப்பட்டது என்பது சுவையான செய்தி. 1995ஆம் ஆண்டும் வந்தது, திரையும் வந்தது, தாள் குறையவில்லை. 2001இல் வெளிவந்த 'தாளில்லா அலுவலகம் என்னும் தொன்மம்' என்ற நூலில் அபிகேல் செல்லன், ரிச்சர்டு ஹார்ப்பர் ஆகிய இருவரும், மின்னஞ்சலைப் புகுத்திய நிறுவனங்களில் தாள் பயன்பாடு சராசரியாக 40 விழுக்காடு கூடியதாகக் குறிப்பிட்டனர்.

இவ்வினாவை மேலைநாட்டு வணிக நிறுவனங்களை வைத்தே பலரும் ஆராய்ந்துள்ளனர். இந்திய அரசு அலுவலகத்தை வைத்து நோக்கினால் வினாவின் வடிவமே மாறுகிறது. இங்கு எழுத்துப் பொருள் ஒருமுறை மட்டும் மாறவில்லை. ஓலை, செம்பு, துணி, தோல், தாள் எனப் பல பொருள்கள் ஒன்றன்பின் ஒன்றாகவும், பல காலங்களில் ஒன்றோடொன்றாகவும் வழங்கியுள்ளன. ஒவ்வொரு மாற்றத்திலும் பழைய பொருளின் எப்பணி புதியதற்குச் சென்றது, எப்பணி செல்லவில்லை, யாருக்கு அதனால் இழப்பு நேர்ந்தது என்று கேட்பதே பயனுடையது. மொழியியலாருக்கும் மொழிபெயர்ப்பாளருக்கும் இக்கேள்வியில் தனிப்பட்ட பங்கு உண்டு என்பதை இக்கட்டுரை காட்ட முற்படுகிறது.

1. சொல்லில் தங்கிய பொருள்

அலுவலகச் சொற்களை எடுத்துக்கொண்டால் அவற்றுட் பெரும்பாலானவை மறைந்துபோன எழுத்துப் பொருள்களின் பெயர்களாகவே உள்ளன. வடநாட்டில் அலுவலகத்தைக் குறிக்கும் தஃப்தர் என்னும் பாரசீகச் சொல் கிரேக்கத்தில் தோலைக் குறித்த திப்தெரா என்னும் சொல்லிலிருந்து வந்தது. தோலில் எழுதிய கணக்கு முதலில் ஏட்டின் பெயராயிற்று. பின்னர் ஏடு வைக்கும் இடத்தின் பெயராயிற்று. மராத்தியில் அதே சொல் இன்று பள்ளிப் பிள்ளைகளின் புத்தகப் பையையும் குறிக்கிறது. பிரெஞ்சு மொழியின் பியூரோ, மேசைமீது விரித்த முரட்டுத் துணியின் பெயராயிருந்து, மேசையாகி, அலுவலகமாகியது. வடமொழியில் இலையைக் குறிக்கும் பத்ரம், முத்திரைத் தாளில் எழுதிய கிரயப் பத்திரத்திலும் நாள்தோறும் வரும் பத்திரிகையிலும் இன்னும் இலையாகவே நிற்கிறது. தாள் என்னும் தமிழ்ச் சொல்லும் பயிரின் தண்டைக் குறித்தே வழங்கியது.

இவற்றுள் மிகவும் நோக்கத்தக்கது கன்னடத்தின் கடத என்னும் சொல். இன்று கருநாடக அரசு அலுவலகங்களில் கோப்பைக் குறிக்க இதுவே வழங்குகிறது. கோப்புகளை முடிவுசெய்தலைக் கடத விலேவாரி என்பர். ஆயின் கடத என்பது முதலில் தாளே அன்று. துணியில் புளியங்கொட்டைப் பசையும் கரியும் பூசிக் கருமையாக்கி, விசிறிபோல் மடித்து, வெண்ணிறப் பலப்பத்தால் எழுதிய கணக்கேடு அது. வணிகரும் மடங்களும் இதனைப் பயன்படுத்தினர். சிருங்கேரி மடத்தின் பழைய ஆவணங்களுள் கடதங்கள் குறிப்பிடத்தக்க பகுதி. பலப்பத்தால் எழுதியதை அழித்து மீண்டும் எழுதலாம் என்பது இப்பொருளின் இயல்பு. நிலைத்த பதிவைக் குறிக்க அழித்தெழுதும் பொருளின் பெயர் நிலைத்துவிட்டது என்பது எண்ணத்தக்கது. தெலுங்கின் கடிதமு, நம் கடிதம் ஆகிய சொற்களும் இதனோடு ஒப்புநோக்கத் தக்கன. மூன்றும் ஓரினச் சொற்கள் என்று கொள்வதற்கு ஒலியும் பொருளும் இடந்தருகின்றன. அவ்வாறாயின் நாம் உறையிலிட்டு அனுப்பும் கடிதத்திலும் அக்கரித்துணியின் நினைவு உண்டு.

ஆங்கிலத்தின் ஃபைல், நூலைக் குறிக்கும் இலத்தீன் பிலும் என்னும் சொல்வழி வந்தது. தாள்களைக் கம்பியிலோ நூலிலோ கோத்து வைத்த பழக்கத்தின் பெயர் அது. தமிழில் இதற்குக் கோப்பு என்று பெயரிட்டோர் அவ்வேரை அறிந்து செய்தனரா, ஓலைச் சுவடியின் கயிற்றை நினைந்து செய்தனரா என்று ஆராய வேண்டியதில்லை. இரண்டும் ஒரே செயலையே சுட்டுகின்றன. துளையிட்டுக் கயிறு கோத்த சுவடிக்கும், இடப்புற மேல்மூலையில் துளையிட்டு நாடா கோத்த அலுவலகக் கட்டுக்கும் இடையே பொருள் மாறியது. கோக்கும் முறை மாறவில்லை. கணினியில் மின்கோப்பு என்கிறோம். அங்கே கோப்பதற்கு நூலும் இல்லை, துளையும் இல்லை.

2. ஓலையும் செம்பும்

புதிய எழுத்துப் பொருள் பழையதை அகற்றிவிடும் என்னும் கருத்துக்கு எதிரான சான்று சோழர் ஆட்சியில் உள்ளது. அரசன் வாய்மொழியாக இட்ட ஆணையைத் திருமந்திர ஓலை எழுதுவான் எழுதினான். திருமந்திர ஓலை நாயகம் அதனை ஒப்பு நோக்கினான். பின் புரவுவரித் திணைக்களத்தார் பலர் கூடியிருந்து அதனை வரியிலிட்டனர். நாட்டார்க்கு ஓலை சென்றது. எல்லை காட்டி அறையோலை எழுதப்பட்டது. அதன் பின்னரே செம்பில் வெட்டப்பட்டது. முதலாம் இராசராசனின் 21ஆம் ஆட்சியாண்டில் நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரத்திற்கு ஆனைமங்கலம் வழங்கப்பட்டதைக் கூறும் செப்பேடுகள் இவ்வலுவலர் வரிசையை விரிவாகக் காட்டுகின்றன.

இங்கு ஓலைக்கும் செம்புக்கும் வேலை பகிர்ந்தளிக்கப்பட்டிருந்தது. ஓலை நடக்கும், திருத்தப்படும், பலர் கைப்படும். செம்பு நடப்பதில்லை, முடிந்ததைச் சொல்லும். சோழ அலுவலகத்தின் அன்றாட ஓலை ஒன்றுகூட நம் கைக்கு எட்டவில்லை. அவற்றின் இறுதி விளைவாகிய செம்பும் கல்லுமே எஞ்சின. ஆகவே முடிவு நமக்குத் தெரிகிறது. முடிவுக்கு முந்திய கருத்து வேற்றுமை தெரிவதில்லை. யாரேனும் ஒரு புரவுவரி அலுவலர் மறுத்தெழுதியிருந்தால் அம்மறுப்பு ஓலையோடு போயிற்று. ஆவணத்தின் உண்மையை உறுதிசெய்யும் தொழில் மிகப் பழமையானது என்பதும் ஈண்டு நினைக்கத்தக்கது. கயிற்றால் கட்டிய குடத்தின் பொறியைச் சரிபார்த்து உடைத்து உள்ளிருக்கும் ஓலைகளை எடுக்கும் ஆவண மாக்களை அகநானூற்றின் 77ஆம் பாட்டு உவமையாகக் காட்டுகிறது.

ஓலையிலிருந்து தாளுக்கு மாறியதும் ஒருநாளில் நிகழ்ந்ததன்று. வடநாட்டில் சுல்தானியர் காலந்தொட்டுத் தாள் அலுவலகப் பொருளாயிற்று. மராட்டியர் ஆட்சியில் மோடி எழுத்தில் எழுதிய தாள்களைத் துணியில் பொதிந்து வைத்தனர். புனேயின் பேஷ்வா தஃப்தரில் அப்பொதிக்கு ருமால் என்றே பெயர், ஆவணங்களை எண்ணும் அலகும் அதுவே. தென்னாட்டிலோ 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் ஊர்க்கணக்கர் ஓலையில் எழுத, ஆட்சியர் கச்சேரி தாளில் எழுதியது. ஓலைக் கணக்கைப் படிக்கக் கேட்டுத் தாளில் ஏற்றி, மொழிபெயர்த்து மேலே அனுப்பும் இடைநிலைப் பணியாளர் கூட்டம் ஒன்று இதனால் உருவாயிற்று. தொடக்கக் காலக் கும்பினி ஆட்சியின் எழுத்தர் உலகை 2012இல் வெளிவந்த 'டாக்குமென்ட் ராஜ்' என்னும் நூலில் பவானி ராமன் விரித்துரைத்துள்ளார். எழுத்துப் பொருள் மாறும் ஒவ்வொரு முறையும் மொழிபெயர்ப்பாளருக்கு வேலை கூடுகிறது. அவர் பெயர் பதிவில் நிற்பதோ அரிது.

மாற்றத்தின் வடு எவ்வாறு தங்குகிறது என்பதற்குக் குசராத்தின் சமணச் சுவடிகள் நல்ல சான்று. பனையோலையிலிருந்து தாளுக்கு மாறியபின்னும் அவை நீண்டு குறுகிய வடிவையே கொண்டிருந்தன. கயிற்றுத் துளை இருக்க வேண்டிய இடத்தில் துளைக்கு மாறாகச் செவ்வட்டம் ஒன்றை வரைந்தனர். தாளுக்கு அது தேவையில்லை. எழுதுவோன் கண்ணுக்குத் தேவையாயிற்று.

3. கோப்பின் இலக்கணம்

கும்பினி ஆட்சி எழுத்தின்மேல் நின்ற ஆட்சி. 1823இல் கும்பினியின் இலண்டன் அலுவலகத்தில் பணியேற்று, இந்தியாவுக்குச் செல்லும் கடிதங்களை வரைந்த ஜான் ஸ்டூவர்ட் மில், 1852இல் பிரபுக்கள் சபைக் குழுவின்முன், இந்திய ஆட்சி முழுவதும் எழுத்தின் வழியே நடப்பதையே அதன் சிறந்த பாதுகாப்பாக எடுத்துரைத்தார். 1899 முதல் 1905 வரை வைசிராயாக இருந்த கர்சனோ, அலுவலர் ஒவ்வொருவரும் நீள நீளமாகக் குறிப்பெழுதிக் கோப்பைச் சுற்றவிடுவதைக் கடுமையாகச் சாடி, குறிப்பெழுதுதலைக் குறைக்க முயன்றார். ஒருவர் பாதுகாப்பாகக் கண்டதை மற்றவர் நோயாகக் கண்டார். இருவர் கூற்றும் பொருந்தும் என்றே தோன்றுகிறது.

நடுவணரசுத் தலைமைச் செயலக நடைமுறையில் கோப்பு இரு பகுதிகளையுடையது: குறிப்புப் பகுதி ஒன்று, கடிதப் பகுதி ஒன்று. குறிப்பு பச்சைத் தாளில் எழுதப்படும். கோப்பைத் தொடங்கும் பணியாளர் தம் குறிப்பின் கீழ் இடப்புறத்தில் கையொப்பமிடுவார். அவருக்கு மேற்பட்ட அலுவலர் வலப்புறத்தில் இடுவார். வரைவை முதலில் எழுதுவது கருப்பு அல்லது நீல மையில். திருத்தம் தனித்துத் தெரியவேண்டி மேல்நிலை அலுவலர் பச்சையோ சிவப்போ பயன்படுத்தலாம். முன்னிகழ்வுகளைக் காட்ட அ, ஆ என்பது போல எழுத்திட்ட சீட்டுகள் செருகப்படும். மொழியியல் நோக்கில் இது ஓர் உரையாடல். இடம், நிறம், ஒப்பத்தின் முழுமை அல்லது சுருக்கம் ஆகியவை அவ்வுரையாடலில் யார் யாருக்குச் சொன்னார் என்பதைக் குறிக்கும் உருபுகள் போலச் செயற்படுகின்றன. வினைமுற்றுகளும் அவ்வாறே. கீழுள்ளவர் 'ஆணைக்குப் பணிந்தனுப்பப்படுகிறது' என்று முடிப்பார். மேலுள்ளவர் 'பேசுக' என்று ஒரே சொல்லில் முடிப்பார்.

அடித்த சொல் தாளில் எஞ்சும் என்பது இவ்விலக்கணத்தின் முதன்மையான கூறு. 'மறுக்கப்படுகிறது' என்பதை அடித்து 'இப்போது ஏற்பதற்கில்லை' என்று மேலே எழுதியிருந்தால் இரண்டும் படிக்கக் கிடைக்கின்றன. 2005ஆம் ஆண்டின் தகவலறியும் உரிமைச் சட்டத்தில் கோப்புக் குறிப்பு தகவல் என்பதனுள் அடங்கும் என்று நடுவண் தகவல் ஆணையம் 2006 ஜனவரியில் முடிவு கூறியது. குறிப்பை விலக்கச் சட்டத்தைத் திருத்த அதே ஆண்டில் நடந்த முயற்சி எதிர்ப்பினால் கைவிடப்பட்டது. முடிவை மட்டுமன்றி, முடிவுக்கு வந்த வழியையும் அறியும் உரிமை குடிமக்களுக்கு உண்டு என்பதே இதன் பொருள்.

தேசியத் தகவலியல் மையம் 2009இல் தொடங்கிய மின் அலுவலகத் திட்டத்தில் இவ்வமைப்பு முழுவதும் திரைக்கு ஏற்றப்பட்டது. திரையின் இடப்புறம் குறிப்பு, வலப்புறம் கடிதம். குறிப்பின் பின்னணிகூடப் பச்சையே. சமணச் சுவடியின் செவ்வட்டம் போன்றதே இப்பச்சை. இன்னும் திருத்தத்திலிருக்கும் குறிப்பு மஞ்சள் எனப்படுகிறது, உறுதிசெய்தபின் பச்சையாகிறது, பச்சையானதை எவரும் மாற்ற இயலாது. கோப்பு எவரிடம் எந்நாளில் எந்நேரத்தில் சென்றது என்பதைத் தாள் ஒருபோதும் காட்டாத துல்லியத்துடன் இவ்வமைப்பு காட்டுகிறது. பின்னாளிட்டு ஒப்பமிடுதல், நடுப்பக்கத்தை உருவி வேறொன்றைச் செருகுதல் போன்ற பழந்தொழில்களுக்கு இங்கு வழி மிகவும் அருகிவிட்டது. கோப்பு காணவில்லை என்னும் மறுமொழியும் எளிதாகச் சொல்லத்தக்கதன்று. 2020இல் பெருந்தொற்று அலுவலகங்களை அடைத்தபோது, மின்கோப்பு இருந்த துறைகளில் வேலை வீட்டிலிருந்தும் நடந்தது. தாளை மட்டும் நம்பியிருந்த அலுவலகத்தில் இது இயலாது. இப்பயன்களைக் குறைத்துக் கூறுவது நேர்மையாகாது.

ஆயினும் மஞ்சள் நிலையில் எழுதி அழித்த சொல் பச்சையில் வருவதில்லை. தாளில் திருத்தம் ஓர் அடுக்கு. திரையில் திருத்தம் ஓர் இன்மை. கடத என்னும் கரித்துணியின் இயல்பு இங்கு மீண்டும் வந்துவிட்டது. முடிந்தது செம்பைவிட உறுதியாக நிற்கிறது. முடியும்வரை நிகழ்ந்தது பலப்பம்போல் அழிகிறது. சோழ ஓலைக்கு நேர்ந்ததும் இதுவே. ஆயின் ஓலையைக் கறையான் தின்றது, இதனை நாமே வடிவமைத்துள்ளோம்.

மொழிபெயர்ப்பாளருக்கு இவ்வேறுபாடு பெரிது. 1963ஆம் ஆண்டின் ஆட்சிமொழிகள் சட்டம், 3(3)ஆம் பிரிவின்படி, தீர்மானம், பொது ஆணை, விதி, அறிவிக்கை, ஒப்பந்தம், உரிமம் முதலியவற்றை இந்தியிலும் ஆங்கிலத்திலும் வெளியிட வேண்டும் என்கிறது. 1971இல் நடுவண் மொழிபெயர்ப்பகம் நிறுவப்பட்டது. ஒரு விதியின் இரு மொழி வடிவங்கள் முரண்படும்போது, எச்சொல் எதற்கு மாற்றாக எக்காரணத்தால் வைக்கப்பட்டது என்பதை வரைவின் திருத்தங்களே சொல்லும். கலைச்சொல் வரலாறு எழுத விரும்புவோர்க்கும் வெளியான சொற்பட்டியைவிட நிராகரிக்கப்பட்ட சொற்களின் பட்டியே பயன் மிகுந்தது. அது அச்சில் எங்கும் இல்லை. வரைவுத் தாளின் ஓரத்தில்தான் உள்ளது.

4. எழுத்துருவில் புதைந்த எழுத்து

நிலைபேறு என்னும் பணியில் திரை தாளுக்கு ஈடாகுமா என்பது வேறொரு சிக்கல். இதில் இந்திய மொழிகளின் பட்டறிவு ஆங்கிலத்தின் பட்டறிவிலிருந்து வேறுபட்டது. இந்திய எழுத்துகளுக்கான இஸ்கி என்னும் குறியீட்டுத் தரம் 1991இல் இந்தியத் தரமாக வெளிவந்தது. யூனிகோடின் முதற்பதிப்பும் அவ்வாண்டிலேயே தமிழை உள்ளடக்கி வந்தது. ஆயின் அலுவலகங்களில் பெருகியவை இவ்விரண்டுமல்ல. ரோம எழுத்துகளுக்குரிய குறியெண்களின்மேல் தத்தம் விருப்பப்படி வடிவங்களை ஏற்றிய எழுத்துருக்களே பெருகின. இந்தியில் குருதிதேவ், தமிழில் வானவில் ஆகியவை பலரும் அறிந்தவை. குருதிதேவில் பாரத என்று தட்டச்சு செய்தால் கணினியின் நினைவில் இருப்பது எச், கே, கே, ஜே, ஆர் என்னும் ஐந்து ரோம எழுத்துகள். அவ்வெழுத்துரு உள்ள பொறியில் அது பாரதம். இல்லாத பொறியில் பொருளற்ற மெய்க்கூட்டம். தமிழகத்தில் 1999இல் டாம், டாப் என்னும் தரங்கள் அறிவிக்கப்பட்டன. 2009இல் நடுவணரசும் 2010இல் தமிழக அரசும் யூனிகோடை ஏற்றன. இடைப்பட்ட இருபதாண்டுகளின் அலுவலக எழுத்து எத்தனையோ எழுத்துருக்களில் சிதறிக் கிடக்கிறது.

மொழிபெயர்ப்புப் பிரிவு ஒன்றில் 1990களில் தொகுத்த துறைச் சொற்பட்டி ஒன்றைக் காண நேர்ந்தது. மெல்வட்டில் இருந்த படி திறந்தது; ஆனால் படிக்க இயலவில்லை. தாள் அலமாரியில் அதன் அச்சுப்படி, புள்ளி அச்சுப்பொறியின் மங்கிய மையில், முழுமையாகப் படிக்கக் கிடைத்தது. தாளின் சிறப்பு அது நெடுநாள் வாழ்வது மட்டுமன்று. படிப்பதற்கு இடைப்பொருள் ஒன்றையும் வேண்டாது என்பதே. பிரித்தானியாவில் 1986இல் ஒளிவட்டுகளில் தொகுத்த டூம்ஸ்டே திட்டத்தைப் பதினைந்தாண்டுகளில் படிக்க வழியின்றிப் போய், 2002 அளவில் தனி முயற்சியால் மீட்க வேண்டியிருந்தது. அதற்குப் பெயர் தந்த 1086ஆம் ஆண்டின் தோல் ஏடோ இன்றும் படிக்கத்தக்கது.

சட்டமும் முழு நம்பிக்கை வைத்துவிடவில்லை. 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் மின்னணுப் பதிவுக்கு எழுத்தின் தகுதியை வழங்கியது. ஆயினும் உயிலையும் அறக்கட்டளைப் பத்திரத்தையும் அத்தகுதியிலிருந்து விலக்கியே வைத்தது. எழுதியவர் இறந்தபின் பேச வேண்டிய ஆவணத்திற்குத் தாளே வேண்டும் என்று சட்டம் கருதியது போலும். நீதிமன்றத்தில் மின்னணுப் பதிவைச் சான்றாக்க, அது உருவான முறையைக் கூறும் சான்றிதழ் ஒன்றைச் சாட்சியச் சட்டத்தின் 65பி பிரிவு வேண்டியது. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய சாட்சிய அதினியமும் 63ஆம் பிரிவில் அதனை வேண்டுகிறது. 1993ஆம் ஆண்டின் பொது ஆவணங்கள் சட்டம் கணினியில் உருவாகும் பொருளையும் பொது ஆவணம் என்றே வரையறுத்தது. சட்டம் முன்னரே வந்துவிட்டது. பாதுகாக்கும் பழக்கம்தான் பின்தங்கியுள்ளது.

எனவே சுமத்தல், தேடல், கண்காணித்தல் ஆகிய பணிகளில் திரை தாளின் இடத்தைப் பெற்றுவிட்டது என்றே கருதுகிறேன். அங்கு மீண்டும் தாளுக்குச் செல்ல எவரும் விரும்பார். திருத்தத்தின் தடத்தைக் காட்டும் பணியில் பெறவில்லை. இது தொழில்நுட்பத்தின் இயலாமையன்று. மஞ்சள் குறிப்பின் ஒவ்வொரு நிலையையும் சேமிக்கப் பொறியால் இயலும். அதனைச் சேமிக்க வேண்டும் என்று கேட்போர் இல்லை.

கேட்பதற்குரிய காலமும் குறுகியது. 2021 முதல் ஒவ்வோர் ஆண்டும் அக்டோபரில் நடுவணரசு அலுவலகங்களில் தேங்கிய கோப்புகளை ஆய்ந்து கழிக்கும் சிறப்பு இயக்கம் நடைபெற்று வந்துள்ளது. இடம் மீட்பதும் கழிவை விற்பதும் அதன் நோக்கங்களில் அடங்கும். தலைமைச் செயலக நடைமுறை நூல் ஆவணங்களை மூவகைப்படுத்துகிறது: நுண்படமெடுத்துக் காக்க வேண்டியவை, நுண்படமின்றிக் காக்க வேண்டியவை, பத்தாண்டுக்கு மேற்படாமல் வைத்திருந்து அழிக்க வேண்டியவை. வெளியான விதியும் அறிவிக்கையும் முதலிரு வகைகளில் இடம்பெறும். அவற்றின் மொழிபெயர்ப்பு வரைவுகள், ஓரத் திருத்தங்களோடு, மூன்றாம் வகையில் சேர்வதற்கே வாய்ப்பு மிகுதி. வகைப்படுத்தும் அலுவலர் மொழியியலார் அல்லர். அவரிடம் இவ்வரைவுகளின் பயனை எடுத்துரைக்கவும், கழிக்குமுன் ஓரக்குறிப்போடும் பின்பக்கத்தோடும் ஒளிவருடிப் படியெடுக்கவும், தேசிய ஆவணக் காப்பகத்தோடு கலந்து ஒரு விதிவிலக்குப் பெறவும் மொழி நிறுவனங்களுக்கு இப்போதும் இயலும்.